ஒற்றைக் கொம்பு

கருத்தப்பாண்டி பிரஷ்ஷை டப்பாவில் போட்டுவிட்டு ஏணியிலிருந்து இறங்கியபோது, பள்ளிக்கூடச் சுவரில் இருந்த படம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆண்டு விழாவுக்காகச் சுவரில் கணக்குப் படம் போட்டுத் தருவதாக நான்தான் சொல்லியிருந்தேன். அடியில் 'வெள்ளத்துரை குடும்பத்தார் உபயம்' என்று சிவப்பில் எழுதியாகிவிட்டது. அங்கே புதிதாகக் கணக்கு டீச்சராகச் சேர்ந்த என் மருமகள் அனுசியா தாளில் போட்டுக் கொடுத்ததைத்தான் அவன் பெரிதாக்கியிருந்தான். உச்சியில் √(x + 6) = x. அதன் கீழே சாய்வாக ஒரு நேர்கோடு. இடப்பக்கம் ஒரு புள்ளியில் பிறந்து, வலப்பக்கம் மேல்நோக்கி வளைந்து போய் அதை ஒரே இடத்தில் வெட்டும் இன்னொரு கோடு. அந்த வளைவுக்குக் கீழே ஜோடியாக இன்னொன்று இல்லை.

"ஏப்பா, ஒத்தக் கொம்பு மாட்ட எவனாச்சும் வாசல்ல கட்டுவானா?"

"டீச்சரம்மா குடுத்ததே இம்புட்டுத்தான் பெரியய்யா."

"எம் பேருக்கு மேல எதுவும் குறையா நிக்கக் கூடாது. கீழயும் ஒரு கொம்பு போடு."

போட்டான். படம் நிறைந்த மாதிரி இருந்தது.

மறுநாள் காலை பந்தலில் கூட்டம் சேர்ந்திருந்தது. பரளச்சியிலிருந்து என் சம்பந்தி தங்கபாண்டி, மகள் வேலை பார்க்கும் இடத்தைப் பார்க்க முதன்முறையாக வந்திருந்தார். தலைமையாசிரியர் சுவரைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"என்ன டீச்சர் இது? கோடு ரெண்டு எடத்துல வெட்டுது. பிள்ளைக ரெண்டு விடைன்னுல்ல எழுதும்? இதக்கூடவா பாக்க மாட்டீங்க?"

தங்கபாண்டி தலையைத் தொங்கப் போட்டார். அனுசியா கீழ்க்கொம்பைப் பார்த்தாள். கருத்தப்பாண்டியைப் பார்த்தாள். அவன் என்னைப் பார்த்தான். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நான் குடுத்த படத்துலதான் தப்பு சார்" என்றாள்.

அவர் நகர்ந்ததும் அவளைக் கூப்பிட்டேன்.

"என்ன தப்பு தாயி?"

"விடுங்க மாமா. விழா முடியட்டும்."

"கேட்டதுக்குப் பதிலச் சொல்லு."

குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "ரூட்டப் போக்கணும்னு ரெண்டு பக்கத்தையும் வர்க்கமாக்குவோம் மாமா. அப்ப மூணு, மைனஸ் ரெண்டுன்னு ரெண்டு விடை வந்து நிக்கும். மொதக் கணக்குல திரும்பப் போட்டுப் பாக்கணும். மூணப் போட்டா ரெண்டு பக்கமும் மூணு. மைனஸ் ரெண்டப் போட்டா இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் மைனஸ் ரெண்டு."

"மேடும் பள்ளமும் எப்பிடி ஒண்ணாகும்?"

"ஆகாது. அது பொய் விடை. கீழ்க்கொம்பு இருந்தா அது நெசம் மாதிரித் தெரியும்."

எங்கள் பெயருக்கு மேலே ஒரு பொய். அதைக் காப்பாற்ற இந்தப் பெண் சொன்னது இன்னொன்று. என் வாயிலிருந்து போன சொல்லை நான் திரும்ப வாங்கியதில்லை. வாங்கச் சொல்லி எவரும் கேட்டதுமில்லை. இவளும் கேட்கவில்லை.

"சார்!" என்றேன். பந்தல் முழுவதும் திரும்பியது. "எம் மருமக குடுத்த படம் சரி. கீழ்க்கொம்பு நாஞ் சொல்லிப் போட்டது. சம்பந்தி, நிமிந்து நில்லுங்க."

தங்கபாண்டி நிமிர்ந்தார். "கணக்குலயுமா உங்க நாட்டாமை?" என்றார். கூட்டம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

"ஏப்பா கருத்தப்பாண்டி, வெள்ளைய எடு."

மேடு பள்ளமான தரையில் ஏணி ஆடியது. ஒரு காலை நான் பிடித்துக்கொண்டேன். அனுசியா வந்து மறு காலைப் பிடித்தாள். மேலிருந்து ஒரு சொட்டு என் துண்டில் விழுந்தது. தட்டிவிடக் கையை எடுத்தால் ஏணி ஆடும்.

"இன்னொரு கை பூசணும் பெரியய்யா" என்றான் கருத்தப்பாண்டி.

ஈர வெள்ளைக்கு அடியில் கீழ்க்கொம்பு இன்னும் மங்கலாகத் தெரிந்தது. அதற்கு மேலே மற்றது, தனியாக, சுவரின் ஓரம்வரை ஏறிப் போய்க்கொண்டிருந்தது.