நாலாவது ஓட்டை

உலகத்தில் நல்ல தோல் பெல்ட் என்று ஒன்று இருக்கிறதா என்பதே எனக்குச் சந்தேகமாகிவிட்டது. ‘ஒரிஜினல் லெதர்’ என்று முத்திரை குத்தி, தங்க நிறத்தில் மாட்டுத்தலை போட்டு, வாசனைக்கு எதையோ தடவி விற்கிறார்கள். ஓரத்தை நகத்தால் நிமிண்டினால் மேலே பிளாஸ்டிக், நடுவில் துணி, உள்ளே அட்டை. மாடு அந்தப் பக்கமே வந்திருக்காது.

நான் ஆல்டரேஷன் கடை வைத்திருக்கிறவள். பதினெட்டு வருஷமாக அடுத்தவர்களின் இடுப்பைப் பிடித்தும் பிரித்தும் கொடுத்துப் பிழைக்கிறேன். துணியில் என்னை எவரும் ஏமாற்ற முடியாது. போன வருஷம் என் வீட்டுக்காரருக்கு வாங்கிக் கொடுத்த பெல்ட்டில்தான் ஏமாந்தேன்.

அவர் கிரேன் ஓட்டுபவர். பெரிய கட்டடங்கள் எழும்பும் இடத்தில் வானத்தைத் தொட்டுக்கொண்டு நிற்குமே, அது. தினமும் காலையில் முந்நூறு படி ஏணியேறி, உச்சியில் இருக்கும் கேபினில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் இறங்குவார். வேலையிடத்தில் அவருக்கு ‘மேல்வீட்டுக்காரர்’ என்று பெயர். அந்தக் கேபின் என்றால் அவருக்கு உயிர். மனுஷன் வீட்டில் மின்விசிறி துடைக்க ஸ்டூலில் ஏறச் சொன்னால் மட்டும் முட்டி வலி வந்துவிடும்.

ஒரு வியாழக்கிழமை பாதி ஏணியில் பெல்ட் பட்டென்று அறுந்துவிட்டது. ஒரு கையால் ஏணி, ஒரு கையால் பேண்ட். கீழே இருந்தவர்கள் கைதட்டினார்களாம். ராத்திரி சாப்பாட்டில் அதை அவர் நடித்துக் காட்ட, காலேஜ் படிக்கிற என் மகளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "ஏணியை விட்ட கைக்குப் புத்தி எங்கே போச்சு?" என்றேன்.

"ஏணியைச் சுத்தி கம்பி வளையம் இருக்கும்மா. விழ மாட்டேன்."

"வளையம் உங்க அளவுக்குப் போட்டிருக்காங்களா?"

அந்தப் பேச்சு அவருக்குப் பிடிக்காது. ஏனென்றால் கதையே அந்த அளவில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

அவருக்கு முன்னால் அந்தக் கேபினில் இருந்தவருக்கு மேலேயே மாரடைப்பு வந்தது. கனத்த உடம்பு. கீழே கொண்டுவர இரண்டு மணி நேரம் ஆனது. கொண்டுவந்தபோது உயிர் இல்லை. அதற்குப் பிறகு கம்பெனி டாக்டர் ஒரு விதி கொண்டுவந்தார்: இடுப்பு நாற்பது அங்குலத்துக்கு மேல் இருந்தால் ஏணியில் கால் வைக்கக் கூடாது. போன வருஷப் பரிசோதனையில் இவருக்கு நாற்பத்து நாலு. ஒரு வருஷம் தவணை கொடுத்தார்கள். பெல்ட் அறுந்தபோது தவணை முடிய மூன்றே வாரம் இருந்தது.

வீட்டில் எண்ணெய் நின்றது. வேகவைத்த முட்டைக்கோஸும் சுரைக்காயுமாகப் பத்து மாதம் ஓடியது. எடை பார்க்கும் மெஷினில் ஏறச் சொன்னால் பேட்டரி இல்லை என்பார். பேட்டரி சுவர்க் கடிகாரத்துக்குள் போய்விட்டதை மகள் கண்டுபிடித்தாள். இன்ச் டேப்பைக் கண்டால், "நான் என்ன உன் கஸ்டமரா?" என்று கோபம் மூக்குக்கு மேல் வரும். அவருக்கு அளவுகோல் அந்தப் பெல்ட்தான். முதல் ஓட்டையில் ஆரம்பித்தார். இரண்டு மாதத்தில் இரண்டாவது ஓட்டை. அப்புறம் மூன்றாவது. கடைசியாக நாலாவது! ஒவ்வொரு ஓட்டைக்கும் சட்டையைத் தூக்கிக் காட்டுவார். நானும் சிரிப்பேன். அந்தச் சந்தோஷத்தில் அன்றைக்கு மட்டும் பொரித்த கோழி.

"நாலாவது ஓட்டைன்னா நாப்பத்தி ஒண்ணு. இன்னும் ஒரே ஒரு இன்ச்சுதான்," என்று மகளிடம் கணக்குச் சொன்னார்.

அதற்குள் பெல்ட் அறுந்தது. அறுந்தது அறுந்ததுதான், இனிமேல் அட்டை பெல்ட் என் வாசலை மிதிக்கக் கூடாது என்று ஞாயிற்றுக்கிழமை அவரை இழுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். பேண்ட்டைச் சணல் கயிற்றால் கட்டி, சட்டையை வெளியே விட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப் போகும் பிள்ளை மாதிரி பின்னாலேயே வந்தார்.

முதல் கடைக்காரர் லைட்டரை எடுத்துக்கொண்டு வந்தார். "அக்கா, நெருப்பு வச்சாலும் எரியாது. ப்யூர் லெதர்."

"எங்க வீட்டுக்காரருக்கு நெருப்பு வைக்கப் போறதில்லப்பா. இழுத்தா தாங்குமா, அதைச் சொல்லு."

மடித்துப் பார்த்தேன். மடித்த இடத்தில் காய்ந்த வயல் மாதிரி வெடித்தது. கடைக்காரர் அதை என் கையிலிருந்து பிடுங்கி உள்ளே வைத்தார்.

இரண்டாவது, கண்ணாடிக் கதவு போட்ட பெரிய கடை. பெல்ட்டுக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு ரிப்பன். "மேடம், ஒரு பக்கம் கருப்பு, ஒரு பக்கம் பிரவுன். திருப்பித் திருப்பிப் போட்டுக்கலாம்."

"ஒரு பக்கமே தாங்க மாட்டேங்குது. இன்னொரு பக்கம் எதுக்கு?"

மூன்றாவது கடையில், "இந்தக் காலத்துல யாருங்க பெல்ட்டை இறுக்கிப் போடுறாங்க? சும்மா அழகுக்குத்தான்," என்று எனக்கே பாடம் எடுத்தார்கள். நாலாவது கடையில் பக்கிள் கையோடு வந்தது. ஐந்தாவது கடையில் என் வீட்டுக்காரர் ஸ்டூலைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார்.

"போதும்மா. ஏதாவது ஒண்ணை வாங்கு. மூணு வாரம் தாங்கினா போதும்."

"மூணு வாரத்துக்கு அப்புறம் என்ன, வேட்டைக்காரன் மாதிரி இலையைக் கட்டிட்டு ஏணி ஏறப் போறீங்களா?"

"ஏன் இப்படிக் கத்துறே? எல்லாரும் பாக்குறாங்க."

பார்க்கட்டும். கால் வலி, தலைவலி, இந்த மனுஷனின் முகத்தில் இருந்த பாவமான பொறுமை, எல்லாம் சேர்ந்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெருவில் இறங்கினேன். அங்கேதான் அந்த நாயைப் பார்த்தேன். கன்றுக்குட்டி உயரம். பேக்கரி வாசலில் ஒரு கம்பத்தில் கட்டியிருந்தார்கள். உள்ளே போன முதலாளியைத் தேடி அது இழுத்த இழுப்பில் கம்பம் ஆடியது. கட்டியிருந்த வார் அசரவில்லை. விரல் தடிமனில் தோல், ஓரம் வரை ஒரே நிறம்.

நான் நாயை மறந்து வாரைப் பிடித்துத் தடவினேன். நாய் இழுப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. வீட்டுக்காரர் பத்தடி தள்ளி நின்று, "அது கடிச்சா அதுக்கும் நாந்தான் பதில் சொல்லணும்," என்றார். முதலாளி ரொட்டியோடு வெளியே வந்ததும் கேட்டேன். பின் சந்தில் ஒரு கடை சொன்னார்.

நாய்ச் சாமான் விற்கிற கடை. கழுத்துப்பட்டை, வார், கடிக்காமலிருக்க மாட்டும் வாய்க்கூடு என்று கூரை முழுக்கத் தொங்கியது. கல்லாவில் மூக்குக்கண்ணாடி போட்ட அம்மாள் ஒருத்தர் மெழுகு நூலால் தைத்துக்கொண்டிருந்தார்.

"மனுஷங்களுக்கு பெல்ட் கிடைக்குமா?" என்று கேட்டேன். கேட்கும்போதே வெட்கமாக இருந்தது.

"கேக்குறவங்களுக்குச் செய்றதுதான்." ஒன்றை எடுத்துப் போட்டார். கல்லாவில் தொம் என்று விழுந்தது. நிமிண்டினேன், நகம்தான் வலித்தது. மடித்தேன், திரும்ப நிமிர்ந்தது. இரண்டு வரிசைத் தையல், ஒன்றுகூட விலகவில்லை. பித்தளை பக்கிள். எனக்குக் கண் கலங்கிவிடும்போல் இருந்தது. காலையிலிருந்து இதைத்தானே கேட்கிறேன்!

"நாய்க்குப் போடுற தோலையா நான் போடணும்?" என்று முனகினார் அவர்.

"எண்பது கிலோ நாய் இழுத்தே அறுக்கலை," என்றார் அந்த அம்மாள். "நீங்க என்ன இழுத்துடப் போறீங்க? பழைய பெல்ட் இருந்தா குடுங்க, அளவு பாக்கணும்."

அறுந்த பெல்ட் என் பையில் இருந்தது. அளவுக்காக நான்தான் எடுத்து வந்திருந்தேன். ஆனால் அதை எடுத்துக் கொடுக்கக் கை வரவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வேலைக்குப் போட்டுப் போகும் பேண்ட் துவைத்துத் துவைத்துச் சுருங்கிவிட்டது என்று அவர் ஒருநாள் சொன்னார். அது சுருங்குகிற துணி இல்லை. பதினெட்டு வருஷத்தில் எனக்கு அதுகூடவா தெரியாது? ஆனாலும் அவர் தூங்கும்போது, பின்பக்கத் தையலைப் பிரித்து அரை அங்குலம் விட்டுத் தைத்தேன். மறுநாள், "பாத்தியா, இளைச்சிட்டேன், பேண்ட் சரியாயிடுச்சு," என்றார். அப்புறம் இன்னொரு அரை. அப்புறம் இன்னொன்று. பெல்ட் உள்ளே போய்க்கொண்டே இருந்தது, பேண்ட் வெளியே வந்துகொண்டே இருந்தது. இரண்டில் எது பொய் சொல்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு ஓட்டைக்கும் சிரித்தேன். அவர் மனசு விட்டுவிடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் மறைத்தது பேண்ட்டில். காலையிலிருந்து கடை கடையாகப் பெல்ட்டைத் திட்டியதெல்லாம் ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான்.

"குடேம்மா," என்றார் அவர், கீழே பார்த்துக்கொண்டே.

கொடுத்தேன். அந்த அம்மாள் அறுந்த இரண்டு துண்டையும் சேர்த்து வைத்து டேப்பை ஓட்டினார். திரும்ப ஓட்டினார். "இதுல நாப்பத்தி ரெண்டுன்னு அச்சடிச்சிருக்கு. நடு ஓட்டை வரைக்கும் அளந்தா நாப்பத்தி ஆறரை வருது. நாலரை இன்ச் இழுத்திருக்கு. இது பெல்ட்டா, ரப்பரா?" அப்படியே இவருடைய வயிற்றையும் ஒரு பார்வை பார்த்தார். தொழில் தெரிந்தவர்களின் கண் அளந்துவிடும். 

நான் என் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்தேன். அதிர்ச்சியே இல்லை. சணல் கயிற்றைத் தளர்த்தி, பேண்ட்டின் பின்பக்கப் பட்டியை வெளியே மடித்துக் காட்டினார். பழைய தையல் இருந்த இடத்தில் ஊசித் துளைகள், வரிசை வரிசையாக மூன்று கோடு.

"கேபின்ல நாள் பூரா உக்காந்துதானே இருக்கேன். ஒருநாள் கை பட்டுச்சு," என்றார்.

"எப்போ?"

"ரெண்டாவது கோடு போட்டப்பவே."

"தெரிஞ்சுக்கிட்டேவா மூணாவது ஓட்டைன்னு சட்டையைத் தூக்கிக் காட்டினீங்க?"

"நீ சிரிச்சே. ராத்திரி முழிச்சிருந்து தைக்கிறவகிட்ட போய் என்னத்தைச் சொல்றது?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பெல்ட்டாலேயே இரண்டு போட்டிருப்பேன். அவருக்கு இரண்டு, எனக்கு இரண்டு. பத்து மாதம்! அவர் என்னை ஏமாற்றுவதாக நினைத்துக்கொண்டு அவரும், நான் அவரை ஏமாற்றுவதாக நினைத்துக்கொண்டு நானும், நடுவில் அந்த முட்டைக்கோஸும். அந்தக் கேபினில் இருந்து ஒருவரைப் பிணமாக இறக்கியதை மறந்துவிட்டு, நான் அரை அரை அங்குலமாக இவரை அங்கே ஏற்றிவிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். 

"டேப்பை எடு," என்றார்.

என் பையில் எப்போதும் இருக்கும். நாய்க் கடையில், வாய்க்கூடுகளுக்குக் கீழே, கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர் மூச்சை இழுத்துப் பிடிக்காமல் நின்றார். அளந்தேன். கஸ்டமருக்குச் சொல்வது போலச் சத்தமாகச் சொன்னேன்: "நாப்பத்தி அஞ்சரை."

புதுப் பெல்ட்டில் ஆக வெளியிலிருந்த ஓட்டையே நாற்பத்து நாலில்தான் இருந்தது, இவருக்கு எட்டாது. கடைக்கார அம்மாள் துளை போடும் கருவியைக் கையில் எடுத்தார். "வெளிப்பக்கம் ரெண்டு ஓட்டை போட்டுத் தரட்டுமா?"

அவர் என்னைப் பார்த்தார்.  இதை நான் சொல்லக் கூடாது.

"வேணாம்மா," என்றார். "இருக்கிறது போதும்." அப்புறம் கடை வாசலில் நின்று சைட் மேனேஜருக்குப் போன் போட்டார். "சார், மூணு வாரம் கழிச்சு நீங்க இறக்குறதுக்கு முன்னாடி நானே இறங்கிக்கிறேன். கீழே சிக்னல் வேலை குடுங்க." அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, "இல்ல சார், உடம்பு சரியாத்தான் இருக்கு. அளவுதான் சரியில்ல," என்று வைத்தார். வைத்துவிட்டு வெகுநேரம் மேலே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தச் சந்திலிருந்து கிரேன் தெரியாது.

பெல்ட்டை வாங்கினோம். வீடு போய்ச் சேர வேண்டுமே என்று கடைக்கார அம்மாள் ஒரு பெரிய நாய் வாரைத் தள்ளுபடியில் கொடுத்தார். நீட்டிக் குறைக்கலாம். இடுப்பில் அதைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினார். என் மகள் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "வாக்கிங் போயிட்டு வந்தாச்சா?" என்றாள். அடிக்கக் கை ஓங்கினேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

தோல் பெல்ட் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. அவர் கீழே நின்று, மேலே வேறொருவர் ஓட்டுகிற கிரேனுக்குக் கை காட்டுகிறார். வரும்போது முகம் செத்துப்போய் வருகிறது. பொரித்த கோழி நின்றுவிட்டது. கடிகாரம் நின்றுவிட்டது, அந்த பேட்டரி எடை மெஷினுக்குத் திரும்பி வந்துவிட்டது.

நேற்று, ஆறாவது வாரத்தில், கடைக்கே வந்தார். கஸ்டமர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்று, முறை வந்ததும் பேண்ட்டை மேஜைமேல் வைத்தார்.

"இடுப்பு லூசா இருக்கு. பிடிக்கணும்."

"வாயால சொன்னா போதாது," என்று டேப்பை எடுத்தேன். தானாகவே கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். நாற்பத்தி ஐந்து. இரண்டு தடவை அளந்தேன், நாற்பத்தி ஐந்தேதான். மூன்றாவதாக விட்டுத் தைத்த தையலைப் பிரித்து, அதற்கு முந்தின கோட்டிலேயே ஊசியை இறக்கி மெஷினை ஓட்டினேன். அவர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஒண்ணு போச்சு," என்றார். "இன்னும் ரெண்டு கோடு இருக்கு. அப்புறம் பெல்ட்."