ஹுஸைனின் பைக்கில் புதுச் சத்தம்

றமீஸாவுக்கு மோட்டார் சைக்கிளைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. கிளச் எது, பிரேக் எது என்று கேட்டால் முழிப்பாள். ஆனால் அலவத்துகொடச் சந்தியிலிருந்து மேடேறி வருகிற அத்தனை வண்டிகளுக்குள்ளும் தன் புருஷனுடையது எது என்று அடுப்படியில் நின்றபடியே சொல்லிவிடுவாள். பத்தொன்பது வருஷம் ஒரே சத்தத்துக்குக் காது கொடுத்தவளுக்கு இதெல்லாம் ஒரு வித்தையா? பிள்ளை குட்டி இல்லாத வீடு. ஹுஸைன் காலையில் அக்குறணைக் கடைக்குப் போனால், பின்னேரம் ஐந்தரைக்கு அந்தப் பழைய ஜப்பான் பைக் வாசலுக்கு வரும்வரை அவளோடு பேச ஒரு ஆள் கிடையாது.

அந்த ஹுஸைன்தான் இரண்டு மாதத்துக்கு முன்னால் கடைக் கதிரையில் உட்கார்ந்தவாறே மௌத்தாகிப் போனார். நெஞ்சைப் பிடித்தாராம், தண்ணீர் கேட்டாராம், கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டதாம். ஆளை வேனில் கொண்டு வந்தார்கள். பைக்கை அடுத்த நாள் யாரோ தள்ளிக்கொண்டு வந்து வீட்டுப் பக்கத்துக் கொட்டிலில் விட்டார்கள். தள்ளிக்கொண்டு வந்ததால் அது வந்ததுகூட அவளுக்குத் தெரியாது.

றமீஸா இத்தா இருந்தாள். புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்க வேண்டும், அந்நிய ஆண்கள் முன்னால் வரக்கூடாது. வெள்ளை உடுத்து உள்ளறையில் இருந்தாள். வாசலில் ஒரு திரை தொங்கியது. முதல் நாற்பது நாள் பெண்கள் வந்தார்கள், ஓதினார்கள், கட்டிப்பிடித்து அழுதார்கள். பிறகு அவரவருக்கு அவரவர் வேலை. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் குறைதான்.

ஹுஸைனின் தம்பி நிஸ்தார் கீழ்வீட்டில் இருந்தான். நல்லவன்தான், பொய் சொல்லக்கூடாது. ஆனால் சில நல்லவர்களுக்கு ஒரு வியாதி இருக்கிறது. யாரையும் கேட்காமலே நல்லது செய்துவிடுவார்கள். கொட்டிலில் கிடந்து துருப்பிடிக்கிறதே என்று பைக்கை விற்க அவனே தீர்மானித்தான், வாங்குவதற்குக் கலகெதரவில் ஒரு பள்ளிக்கூட மாஸ்டரை அவனே பிடித்தான், சேர்விஸ் பண்ணச் சொல்லி பாயிஸின் கராஜுக்கு அவனே தள்ளிக்கொண்டு போனான். எல்லாம் முடிந்த பிறகு தன் மனைவி றிஸானாவிடம் சொல்லி அனுப்பினான்.

"வெள்ளிக்கிழம மாஸ்டர் வாறாராம் ராத்தா. நல்ல மனுஷனாம். வெச்சுப் பாத்துக்குவாராம்."

றமீஸா தலையை ஆட்டினாள். விற்க வேண்டாம் என்று சொல்ல வாய்வரை வந்தது. ஓட்டத் தெரியாதவளுக்கு பைக் என்னத்துக்கு என்று கேட்டால் என்ன சொல்வது? சத்தம் கேட்கவா? கேட்கிறவர்கள் சிரிக்க மாட்டார்களா?

வியாழக்கிழமை பின்னேரம் அவள் அஸர் தொழுதுவிட்டு பாயில் இருந்தாள். சந்தியில் அந்தச் சத்தம் கேட்டது. மேடேறியது, வளைவில் கியர் மாறியது, எல்லாம் அப்படியே. ஆனால் கிட்ட வர வர அதற்குள்ளே இன்னொரு சத்தம். வெறும் சட்டிக்குள் கரண்டியைப் போட்டு ஆட்டுகிற மாதிரி ஒரு கிணுகிணுப்பு. வாசலில் வந்து நின்றபோது அது இன்னும் கூடியது. றமீஸாவுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. அறுபது நாளாகக் காத்திருந்து கேட்ட சத்தத்திலும் மண் விழுந்ததே என்றிருந்தது.

அடுத்த நாள் ஜும்ஆவுக்குப் பிறகு மாஸ்டர் வந்தார், ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். "என்ஜின்ல ஏதோ ஈக்கிது. சரிப்பண்ணி வைங்க, அடுத்த வெள்ளி வாறேன்" என்று போய்விட்டார்.

நிஸ்தாருக்கு வந்ததே கோபம். பாயிஸைக் கூப்பிட்டு முற்றத்தில் வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினான். "சேர்விசுக்குக் குடுக்க முந்தி இந்தச் சத்தம் இல்லயே. அப்ப யாரு செஞ்ச வேல இது?"

பாயிஸ் கெட்டிக்காரன். எட்டு வருஷமாக அந்த பைக்கை அவன்தான் பார்க்கிறான். அன்றே முற்றத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்தான். என்ஜின் தலையைத் திறந்து டெப்பட்டைக் கழற்றி மறுபடி வைத்தான். சத்தம் போகவில்லை. சனிக்கிழமை ஒயிலை மாற்றினான். ஞாயிற்றுக்கிழமை டைமிங் செயினை இறுக்கினான். சைலன்சர் ஆணிகளை ஒவ்வொன்றாக முறுக்கினான். ஸ்டார்ட் பண்ணினால் அதே கிணுகிணுப்பு.

திரைக்கு இந்தப் பக்கம் றமீஸாவுக்கு என்ன தெரியுமா? சந்தோஷம். வெட்கத்தோடு ஒரு சந்தோஷம். பின்னேரமானால் முற்றத்தில் ஆள் நடமாட்டம், ஸ்பேனர் விழுகிற சத்தம், பைக் உறுமுகிற சத்தம். கோளாறு பிடிபடாவிட்டால் மாஸ்டர் வாங்க மாட்டார். வாங்காவிட்டால் பைக் இங்கேதான். சத்தம் கெட்டுப்போனாலும் பரவாயில்லை, இருக்கட்டும் என்று நினைத்தாள்.

திங்கட்கிழமை பாயிஸ் என்ஜினை மெதுவாக ஓடவிட்டுக் குனிந்து காது கொடுத்துக்கொண்டிருந்தபோது, அவளுக்குப் பொறி தட்டியது. இந்தக் கிணுகிணுப்பை அவள் முன்னமே கேட்டிருக்கிறாள். பன்னிரண்டு வருஷம் இருக்கும். அப்போதும் இதே சத்தம் வந்து ஹுஸைன் ஒரு கிழமை தலையைப் பிய்த்துக்கொண்டார். கடைசியில் யாரோ ஒரு லொறி டிரைவர் சொன்னாராம், என்ஜினைச் சுற்றி அடுக்கடுக்காக இருக்கிற தகடுகள்தான் அதிர்ந்து பாடுகின்றன, நடுவில் இறப்பர் துண்டு செருகினால் வாயை மூடும் என்று. ஹுஸைன் அதோடு நிற்கவில்லை. இறப்பர் தேடி வீடெல்லாம் அலைந்து, வாங்கி இரண்டு நாள்கூட ஆகாத றமீஸாவின் செருப்பில் ஒன்றை வெட்டிச் செருகிவிட்டார்.

"மத்ததப் போட்டுக்கிட்டு நான் நொண்டியடிக்கவா?" என்று அவள் பாய்ந்தாள்.

"நொண்டு. நாலு பேரு பாத்துப் பரிதாபப்படட்டும்" என்றார் மனுஷன், சிரிக்காமல்.

அந்தத் துண்டுகள் எங்கே போயின என்பது றிஸானா சொன்ன கதையில் வெளியானது. வழக்கமாகச் சேர்விஸ் என்றால் பாயிஸ் மேலோட்டமாகக் கழுவிவிட்டுக் கொடுத்துவிடுவான். இந்த முறை, மௌத்தான மனுஷனின் வண்டி, ஒரு அழுக்கோடு வேற்றுக் கைக்குப் போகக்கூடாது என்று, பல் விளக்கும் பிரஷ்ஷும் ஸ்குரூடிரைவரும் எடுத்துத் தகட்டுத் தகடாகச் சுரண்டியிருக்கிறான். காய்ந்து கறுத்த சேற்றுக் கட்டி என்று அவன் எறிந்தவை எல்லாம் அந்த இறப்பர்தான். மரியாதை செய்யப் போய் மாட்டிக்கொண்டான் பாவம்.

றமீஸா வாயைத் திறக்கவில்லை. செவ்வாயும் போனது, புதனும் போனது. சொன்னால் பைக் போய்விடும். சொல்லாவிட்டால் பாயிஸின் பெயர் போய்விடும். நிஸ்தார் அக்குறணைக் கடைவீதி முழுக்கச் சொல்லிவிட்டான், பாயிஸிடம் வண்டி கொடுக்காதீர்கள், மௌத்தான என் நானாவின் பைக்கை நாசமாக்கிவிட்டான் என்று.

வியாழக்கிழமை பாயிஸ் சாமான்களைப் பையில் போட்டுக் கட்டிவிட்டுத் திரைக்கு வெளியே வந்து நின்றான். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் பேசினான்.

"ராத்தா, என்னால ஏலாது. வல்லாஹி, நான் ஒண்டும் கெடுக்கல்ல. நானாட மையத்தக் கொண்டு போன சந்தூக்குக்குத் தோள் குடுத்தவன் நான். அவருட சாமானுக்குக் கெடுதி செய்வேனா? நீங்க மட்டும் நம்புங்க. மத்தவங்க என்னத்தயும் சொல்லட்டும்."

சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினான். நாற்பது வயது ஆண்பிள்ளை. றமீஸாவுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஒரு சத்தத்துக்காக ஒரு மனுஷனை இப்படி வாட்டி எடுக்கிறோமே, இதை ஹுஸைன் கேட்டால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார் என்று நினைத்தாள். கொஞ்ச நேரம் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"பாயிஸ், போகாதீங்க" என்றாள். "அந்தத் தகட்டுக்குள்ளால இருந்து கறுப்பா எதையோ சுரண்டிப் போட்டீங்களாம். அது சேறு இல்ல, இறப்பரு. அவரு செருகினது. திரும்பச் செருகினாச் சத்தம் நிண்டுரும்."

வெளியே பாயிஸ் நெற்றியில் அடித்துக்கொண்டது கேட்டது. "யா அல்லாஹ். ஒரு கிழமையா என்ஜினுக்குள்ளேயே தேடினேனே ராத்தா."

இது முந்தியே தெரியுமா என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாளோ.

வெள்ளிக்கிழமை மாஸ்டர் வந்தார். நிஸ்தார் பக்கத்தில் நின்றான். பாயிஸ் பழைய டியூபிலிருந்து வெட்டிய துண்டுகளைச் செருகிவிட்டு உதைத்தான். பைக் ஸ்டார்ட்டானது. கிணுகிணுப்பு இல்லை. பத்தொன்பது வருஷம் கேட்ட அதே சத்தம், ஒரு இழை பிசகாமல்.

"அப்பாடா" என்றான் நிஸ்தார். பாயிஸிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. தோளில் ஒரு தட்டுத் தட்டினான்.

உள்ளே றமீஸா றிஸானாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "கொஞ்ச நேரம் ஓட விடச் சொல்லு. உடனே கொண்டு போக வேணாம்."

றிஸானா திரையோரம் போய் மெல்லச் சொன்னாள். பாயிஸுக்கு விளங்கியது. மாஸ்டரிடம், "பழைய என்ஜின் சேர், கொஞ்சம் சூடாக ஓணும்" என்று பச்சைப் பொய் ஒன்றைச் சொல்லிவிட்டு, பைக்கை வாசலிலேயே ஓடவிட்டான்.

றமீஸா கண்ணை மூடினாள். முதல் நிமிஷம் ஹுஸைனே வந்து நின்ற மாதிரி இருந்தது. இரண்டாவது நிமிஷமும் நன்றாகத்தான் இருந்தது. பிறகு என்னவோ பிசகியது. சத்தத்தில் பிழை இல்லை. ஆனால் ஹுஸைன் ஒரு நாளாவது வாசலில் இப்படி ஓடவிட்டு நின்றதில்லை. பெட்ரோல் விஷயத்தில் கஞ்சன். வாசலுக்கு வந்த கையோடு நிறுத்திவிடுவார். நிறுத்தினால் அடுத்த நொடி செருப்பைக் கழற்றி உதறுவார், "என்ன புள்ள செய்றா" என்பார். இத்தனை வருஷமும் அவள் காத்திருந்தது அந்தச் சத்தம் வருவதற்கு இல்லை, அது நிற்பதற்குத்தான். இது நின்றபாடில்லை.

"நிப்பாட்டச் சொல்லு" என்றாள்.

என்ஜின் நின்றது.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் செருப்பை உதறவில்லை. ஹுஸைன் மௌத்தாகி அறுபத்தெட்டாவது நாள் அது. அன்றைக்குத்தான், அவர் இனி வரவே மாட்டார் என்பது அவளுக்கு உறுதியாகத் தெரிந்தது.

"போதும் றிஸானா" என்றாள். "மாஸ்டரக் கொண்டு போகச் சொல்லு."