பிடியரிசி

இருளாயி அப்படிக் கேட்பாள் என்று நான் நினைக்கவேயில்லை. எழுபத்தொன்பதாம் வருஷம், அசனத்துக்கு முந்தின நாள். நகரசபையில் தெருக்கூட்டும் தூப்பு வேலையை முடித்து, குளித்து, ஈரத்தலையோடு வேதக்கோயிலுக்கு வந்தாள். கோயிலின் பின்னறையில் நான் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். கூடமாட உட்கார்ந்தவள், மூலையில் தனியாகக் கிடந்த தகர டின்னைத் திறந்து உள்ளே கைவிட்டு அளைந்தாள்.

"இது எங்க லைன் வீட்டு அரிசில்லா? இது மட்டும் ஏன்க்கா தனியாக் கிடக்கு?"

கல் கிடக்கிறது, அதனால்தான் என்றேன். அவள் மூடியை அழுத்திவிட்டு, என் சுளகிலிருந்து கல் பொறுக்கத் தொடங்கினாள். நல்ல அரிசி என்று நான் வைத்திருந்ததிலிருந்து உள்ளங்கை நிறையக் கல் எடுத்துத் தரையில் வைத்துவிட்டுப் போனாள்.

உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துக் கோயில் கலயத்தில் போடுவது எங்கள் வழக்கம். திருநெல்வேலிப் பக்கமிருந்து கொச்சிக்குப் பிழைக்க வந்த நாங்கள் பெட்டி படுக்கை கொண்டுவந்தோமோ இல்லையோ, இதைக் கொண்டுவந்தோம். ஞாயிறுதோறும் கலயம் கோயிலுக்கு வரும். வருஷத்துக்கு ஒரு நாள் அந்த அரிசியை ஆக்கி, சபை முழுதும் ஒரே பந்தியில் உட்காரும். அதுதான் அசனம். கடைசி இலைக்கும் ஆள் உட்கார்ந்து, ஜெபம் முடிகிறவரை சின்னப் பிள்ளைகூடச் சோற்றைத் தொடாது.

அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்புதான் தூப்புக்காரர் குடியிருக்கும் லைனிலிருந்து பதினோரு குடும்பம் ஞானஸ்நானம் எடுத்துச் சபையில் சேர்ந்தது. அவர்கள் அரிசியைத் தனியாக வை என்று செக்ரட்டரி செல்லப்பா சொன்னார். வைத்தேன். அது இடக்கொச்சி தாராவுக்காரனின் வாத்துகளுக்குத் தீனியாகப் போவதும் எனக்குத் தெரியும். செல்லப்பா கெட்ட மனுஷர் இல்லை. மிளகுக் கிட்டங்கியில் கணக்கர். என் வீட்டுக்காரர் ராசப்பன் காய்ச்சலில் கிடந்தபோது, போட்டில் ஏற்றி எறணாகுளம் ஆஸ்பத்திரிக்குத் தோளில் தாங்கிக்கொண்டு போனவர். கோயில் கூட்டிப் பெருக்கி மணியடிக்கும் கப்பியார் வேலையை ராசப்பனுக்குத் தந்ததும், நாங்கள் இருக்கிற அறையைத் தந்ததும் அவர்தான். அதனால் அவர் சொன்னால் தலையாட்டிவிடுவோம். வெட்கங்கெட்ட தலை.

அந்த வருஷம் அவருடைய மகளைப் பெண்பார்த்த வீட்டார் ஊரிலிருந்து அசனத்துக்கு வருகிறார்கள் என்றானது. லைன் ஆட்கள் பந்திக்கு வேண்டாம், வாசலில் பொட்டலம் கொடுத்துவிடலாம், அவர்களுக்கும் லேசு நமக்கும் லேசு என்றார். ராசப்பன் சரியென்றார். அசனத்துக்கு முந்தின ராத்திரி வீட்டுக்கு வந்து என்னிடம், "வாயை வச்சிக்கிட்டுச் சும்மா இரி ஞானப்பூ. இந்தக் கூரை போச்சுன்னா பள்ளுருத்தி ரோட்டுலதான் கிடக்கணும்" என்றார்.

சும்மாதான் இருந்தேன், விடிகிறவரை. விடிந்ததும் பெரிய பாயை விரித்தேன். சபையில் கடைக்காரர்கள் வீட்டுப் புழுங்கலரிசி, மற்றவர்களின் சிவப்புக் குத்தரிசி, லைன் வீட்டு ரேஷன் அரிசி, எல்லாவற்றையும் கொட்டி முழங்கைவரை விட்டுக் கலந்தேன். கையில் என்ன சுகமாக இருந்தது தெரியுமா. எந்தக் கொம்பனாலும் இனிப் பிரிக்க முடியாது. மூன்று அரிசியும் ஒன்றாக வேகாது என்று சமைக்கத் தெரிந்த எவளுக்கும் தெரியும். குழைந்தது பாதி, கடித்தது பாதி. இருக்கட்டுமே.

பத்து மணிக்கு வெள்ளை வேட்டியில் வந்த செல்லப்பா வெற்று டின்னைப் பார்த்தார்.

"அந்த அரிசி எங்கே?"

"அண்டாவுல."

"யாரைக் கேட்டுப் போட்டே?"

"ரெண்டு வருசம் உங்களைக் கேட்டேன் அய்யா. இந்த வருசம் யாரையும் கேக்கல. பிரிக்கணும்னா அண்டாவுல கையை விட்டு நீங்களே பிரிச்சி எடுங்க."

அவர் முகம் கறுத்தது. நாளைக்கே அறையைக் காலி செய்யச் சொன்னார். ராசப்பன் அங்கேதான் நின்றார். இந்த மனுஷர் இப்போது காலில் விழப்போகிறார் என்று நினைத்தேன். அவர் குனிந்து சாம்பார் வாளியைத் தூக்கினார்.

"காலி பண்ணிருதோம். முதல்ல பந்தி நடக்கட்டும்" என்றார்.

பதினெட்டு வருஷம் அவரோடு குடித்தனம் செய்திருக்கிறேன். அன்றைக்குப்போல ஒருநாளும் அவரை எனக்குப் பிடித்ததில்லை.

லைன் ஆட்கள் பொட்டலத்துக்காகத் தூக்குச்சட்டிகளோடு கேட்டுக்கு வெளியே நின்றார்கள். பொட்டலம் கிடையாது, உள்ளே வாருங்கள் என்றேன். இருளாயி நகரவில்லை.

"இரக்கப்பட்டுக் கூப்பிடாதீங்கக்கா."

"இரக்கமில்லடி. நான் செஞ்சது தப்பு. உங்க அரிசி உள்ள வெந்து கிடக்கு, வந்து தின்னு."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு தூக்குச்சட்டியைக் கேட்டோரம் கவிழ்த்துவிட்டு உள்ளே வந்தாள். ஓரத்து இலைக்குப் போகவில்லை. நடுப்பந்தியில், மாப்பிள்ளை வீட்டாருக்கு நேரெதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அவளைத் தொடர்ந்து பதினோரு குடும்பமும் உட்கார்ந்தது. முணுமுணுப்பு எழுந்தது. கடைக்காரர்கள் வீட்டில் இரண்டு பேர் எழுந்து, சோற்று வாசனை பிடித்து, மறுபடி உட்கார்ந்தார்கள்.

கடைசியில் ஒரே ஒரு இலை மிச்சம், இருளாயிக்குப் பக்கத்தில். சபைப் போதகர் ஐயர் அந்த வாரம் ஊரில் இல்லை. ஜெபம் சொல்லவேண்டியவர் செல்லப்பாதான். அவர் வாசற்படியில் நின்றார். சோறு பரிமாறியாயிற்று, ஒருவரும் தொடவில்லை. மாப்பிள்ளையின் அப்பா, பசி தாங்காத பெரிய மனுஷர், "சம்மந்தி, உங்களுக்காகத்தான் உக்காந்திருக்கோம்" என்று உரக்கக் கூப்பிட்டார். செல்லப்பா அசையவில்லை.

அப்போதுதான் இருளாயி கைதட்டிப் பாட ஆரம்பித்தாள், லைனில் ராத்திரி ஜெபத்தில் பாடுகிற பாட்டு. முதலில் அவள் ஆட்கள் தட்டினார்கள். பிறகு பசித்த பிள்ளைகள், பிறகு யார் யாரோ. சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு ராசப்பனும் தட்டினார். அந்த மனுஷருக்குத் தாளமே வராது.

நான் போய் அந்த வெற்று இலையில் தண்ணீர் தெளித்து, சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு அகப்பை சோறு குவித்தேன். செல்லப்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். காற்றில் இலையின் நுனி எழும்பி மடங்கப் பார்த்தது. இருளாயி பாட்டை நிறுத்தாமலே ஒரு கையை நீட்டி, அது மடங்காதபடி விரலை ஊன்றிக்கொண்டாள்.