ஒரு சாக்கு மணல்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நான் எழுத உட்கார்ந்தது கதையே அல்ல. பாறை எப்படி மண்ணாகிறது என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு கட்டுரை. உப்புக்காற்று கல்லை என்ன பாடுபடுத்துகிறது என்று பார்க்க லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் போன இடத்தில் ஆரோக்கியமேரி பேச்சுக் கொடுத்தாள். கட்டுரை அம்போவென்று நின்றுவிட்டது.

2

முதல் தொடக்கம்: "கோடி ஆண்டுகளுக்கு முன் மலையாக இருந்த இந்த மணல்…" (வேண்டாம். கோடி ஆண்டுக்காக யார் அழப்போகிறார்கள்?)

இரண்டாவது: கல்லறைத் தோட்டத்தின் வேலிவரை கடல் வந்துவிட்டதால், மகன் ஜோஷ்வாவை மீஞ்சூர்க் கல்லறைக்கு மாற்ற வந்தாள் மேரி. பால்குடி மறக்காத வயதில் போன பிள்ளை. போய்ப் பல வருஷமாகிறது. தலைமாட்டுக் கல்லில் பெயரைக் காணோம். தொட்டால் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.*

*உப்புநீர் கல்லின் நுண்துளைகளில் புகுந்து, காய்ந்து, படிகமாகி உள்ளிருந்தே நெம்பும். கட்டுரையில் மிஞ்சியது இந்த வரிதான்.

3

கணவன் பிராங்க்ளின் தோண்டினான். பெட்டி இல்லை, எலும்பும் இல்லை. மணல்தான், கொஞ்சம் கறுத்த மணல்.

இங்கே, "மணல் மண்ணாக வேண்டுமென்றால் ஓர் உயிர் அதில் கலக்க வேண்டும்" என்று எழுதி, நானே மெச்சிக்கொண்டு, பிறகு அடித்துவிட்டேன். பெற்றவள் குழிக்குள் நிற்கும்போது எனக்கென்ன பாடம் வேண்டிக்கிடக்கிறது?

"கறுப்பா கீறத மட்டும் அள்ளு மேரி," என்றான் பிராங்க்ளின்.

அள்ளினாள். ஆனால் கறுப்பு ஓரிடத்தில் முடியவில்லை. சாம்பலாகி, பழுப்பாகி, எங்கே வெறும் மணலாயிற்று என்று அவளால் பிரிக்க முடியவில்லை. பக்கத்தையும் அள்ளினாள். கல்லிலிருந்து உதிர்ந்ததையும் கூட்டிச் சாக்கில் போட்டாள்.

4

முடிவு ஒன்று: பிள்ளைக்குக் கட்டியிருந்த வெள்ளி அரைஞாண் கிடைக்கிறது. (பொய். கிடைத்திருந்தால் நானும் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.)

முடிவு இரண்டு: "எல்லாம் ஒரே மண்ணுதாம்மா" என்று யாரோ ஒருவர் வந்து… (அப்படிச் சொல்ல அங்கே யாருக்கும் வாய் வரவில்லை.)

நான் அறிந்தது இவ்வளவுதான். சாக்கு நிறைந்துவிட்டது. வெளியே காத்திருந்த ஆட்டோக்காரர் இரண்டாம் முறை ஹாரன் அடித்தார். பிராங்க்ளின் சாக்கைத் தூக்கிப் பார்த்து, அப்படியே இறக்கி வைத்தான்.

"போதும் மேரி. தூக்க முடில."

"புள்ள எதுல கீறான்னு சொல்லு. மத்தத கொட்டிடறேன்."

அவனுக்குத் தெரியவில்லை. எழுதுகிற எனக்கும் தெரியவில்லை. அவள் இன்னும் குழிக்குள்தான் நிற்கிறாள். நீங்கள் சொல்லுங்கள்.