ஒரு அடி பின்னால்

பிலடெல்ஃபியாவில் அந்த நாளில் ஆல்பம் போடும் முறையே தனி. முதலில் டிரம்ஸ், அப்புறம் கிட்டார், அப்புறம் வயலின் கூட்டம். எல்லாம் ஒலிநாடாவில் ஏறிய பிறகுதான் பாடுகிறவளைக் கூப்பிடுவார்கள். பாடகியை மாற்றவேண்டுமென்றால் குரலை மட்டும் மாற்றினால் போதும். வெர்லீன் இதை இரண்டு தடவை கண்ணால் பார்த்தவள். பதினான்கு வருஷம் அவள் மற்றவர்களுக்குப் பின்பாட்டுப் பாடியிருக்கிறாள்.

இப்போதுதான், முப்பத்தெட்டு வயதில், அவள் பேரில் முதல் ஆல்பம். ஏழு பாட்டு முடிந்துவிட்டது. எட்டாவதுதான் டிஸ்கோக்களுக்குப் போகிற பாட்டு. அது தேறாவிட்டால் ஏழிலும் குரலை மாற்ற இரண்டு நாள் ஆகாது.

மத்தியானம் வாங்கிய மீன் சாண்ட்விச் பிரிக்காமலே கிடந்தது. ஸ்டுடியோ வரவேற்பறைச் சோபாவில் டெல்ஃபின் என்றொரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருபத்தொன்று இருக்கும். அவள் மடியில் இருந்த தாள் வெர்லீனுடைய பாட்டு. உதடு அசைந்துகொண்டிருந்தது.

தயாரிப்பாளன் ராஸ்கோ பதிவறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து பேசினான். சர்ச் பாடகர் குழுவில் அவளோடு சேர்ந்து பாடியவன்தான். அதற்காக இரக்கம் காட்டிவிடுகிற ஆள் இல்லை.

"வெர்லீன், குரல் அடுத்த தெருவுலேர்ந்து வர்ற மாதிரி கேக்குது."

"நல்லாத்தானே பாடுனேன்."

"நல்லாத்தான் பாடுன. ஆனா உச்சத்துக்குப் போறப்பல்லாம் ஒரு அடி பின்னால போயிடுற. எண்ணிட்டேன், நாலு எடம்."

பின்பாட்டுக்காரிகளின் பழக்கம் அது. குரல் ஓங்கினால் முன்னால் நிற்கிற பாடகியை மூடிவிடும், அதனால் மைக்கை விட்டு நகர்ந்துவிட வேண்டும். நகராதவளை மறுநாள் யாரும் கூப்பிட மாட்டார்கள். வெர்லீன் செருப்பைக் கழற்றிப் பார்த்தாள். தரையில் கோடு போட்டும் பார்த்தாள். பாழாய்ப்போன கால் கேட்டால்தானே.

"நாடாவுல குரலுக்குன்னு ஒரே தடம்தான் மிச்சம்," என்றான் ராஸ்கோ. "புதுசாப் பாடுனா பழசு அழிஞ்சிரும். நாலு மணிக்குக் கம்பெனி ஆள் வர்றான். இன்னும் ஒரு தடவதான். அப்புறம் அந்தப் பொண்ண உள்ள விடணும். கோவிச்சுக்காத."

வெர்லீன் நேராக வரவேற்பறைக்குப் போனாள்.

"எந்திரிச்சு வாடி."

"எங்கக்கா?"

"என் முதுகுக்குப் பின்னால நில்லு. நான் பின்னால வந்தா முன்னால தள்ளு."

டெல்ஃபின் விழித்தாள். "நான் எதுக்கு வந்திருக்கேன்னு தெரியுமாக்கா?"

"தெரிஞ்சுதான் கூப்பிடுறேன். நான் தோத்தா பாட்டு உனக்கு. தள்றதும் தள்ளாததும் உன் இஷ்டம்."

நாடா ஓடியது. முதல் உச்சத்தில் குதிகால் நகர்ந்தது. உடனே முதுகில் இரண்டு கைகள் அழுந்தின. இரண்டாவதில் இன்னும் பலமாகத் தள்ளின. மூன்றாவதில் லேசாகத்தான் தொட்டன.

நாலாவதுதான் இருப்பதிலேயே கஷ்டமானது. அதற்கு ஏறும்போது முதுகில் கையே இல்லை. கைவிட்டுவிட்டாளே பாவி என்று நினைத்தாள் வெர்லீன். திரும்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. அந்தப் பயத்தோடேயே பாடி முடித்தாள்.

"ஏன்டி கைய எடுத்த?" என்றாள், மூச்சு வாங்க.

"நீங்க நகரவே இல்லையேக்கா."

வெர்லீன் குனிந்து பார்த்தாள். இரண்டு காலும் கோட்டுக்கு முன்னாலேயே இருந்தன.

ஒலிபெருக்கி கரகரத்தது. "வெர்லீன், பிரமாதம்," என்ற ராஸ்கோ தொண்டையைச் செருமிக்கொண்டான். "கம்பெனி ஆள் வந்துட்டான். அந்தப் பொண்ணையும் ஒரு தடவ பாட வெச்சுக் கேக்கணும்ங்கிறான். டெல்ஃபின், மைக்குக்கு வாம்மா."

வெர்லீன் மைக்கை விட்டு விலகினாள். டெல்ஃபின் இடத்தை விட்டு அசையவில்லை. தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"எதுல சார் பாடுறது?" என்றாள் கண்ணாடியைப் பார்த்து. "இருந்ததே ஒரு தடம். அது நெறஞ்சிருச்சு."