அபோண்டி தொட்ட மீன்

ஏரிக்கரை மணலில் பெண்கள் வலைகளை விரித்து, அவற்றின் மேல் ஒமேனாவைப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். விரல் நீளம்கூட இல்லாத பொடிமீன் அது. நன்றாகக் காய்ந்தால் சந்தைக்குப் போகும். நனைந்தால் கோழித் தீவனத்துக்குத்தான் ஆகும்.

அபோண்டியின் வலை எல்லோரிடமிருந்தும் தள்ளி, கடைசியில் கிடந்தது. அவளாக விரும்பித் தள்ளிப் போகவில்லை.

"ஏய், அங்கயே நில்லு! உன் கை பட்டா என் மீன் விளங்காது" என்று கத்தினாள் அவுவோர். நாலு பிள்ளை பெற்றவள். கடைக்குட்டி அவள் முதுகில் தூங்கிக்கொண்டிருந்தான். "வெறும் வயித்தை ஊதிக் காட்டி மாமியார்கிட்ட எவ்வளவு ஈரல் வாங்கித் தின்னே? எங்களுக்கும் அந்த வித்தையைச் சொல்லிக்குடேன்!"

கரையே சிரித்தது. அபோண்டி குனிந்த தலை நிமிரவில்லை.

போன வருடம் அவள் வயிறு மெல்லப் பெருத்தபோது, மாமியார் ஊரெல்லாம் சொல்லி மகிழ்ந்தாள். பாலும் ஈரலும் தேடித் தேடிக் கொடுத்தாள். பிறகு ஒருநாள் உதிரம் கண்டது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தவர்கள், உள்ளே இருப்பது பிள்ளையல்ல, சினைப்பையில் வளர்ந்த நீர்க்கட்டி, சீக்கிரம் அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும் என்றார்கள். "பொய் வயித்துக்கு வைத்தியம் வேறயா?" என்றாள் மாமியார். பால் நின்றது, பேச்சும் நின்றது. கணவன் ஓச்சோலா இரண்டாம் தாரத்துக்குப் பெண் பார்க்கப் புறப்பட்டான். தனக்கென்று ஒரு பிள்ளை பிறக்கும் என்ற நம்பிக்கையை மட்டும் அபோண்டி விடவில்லை. அதற்காகத்தான் அவள் தினமும் ஜெபித்தாள்.

பிற்பகலில் ஏரிக்கு மேலே வானம் இருண்டது. அவரவர் வலையை அவரவர் சுருட்ட ஓடினார்கள். அவுவோர் பிள்ளைக்குச் சோறூட்ட வீட்டுக்குப் போயிருந்தாள். அவள் மீன் கேட்பாரற்றுக் கிடந்தது.

காலையிலிருந்தே அடிவயிறு சுருக்கென்று குத்திக்கொண்டிருந்தது அபோண்டிக்கு. தன் வலையை ஒருமுறை பார்த்தாள். பிறகு அவுவோரின் வலையை நோக்கி ஓடினாள்.

மூச்சிரைக்க வந்த அவுவோர், சுருட்டிய வலையைப் பார்த்ததும் கொதித்தாள். "தொடாதேன்னு சொன்னேன்ல! யாரைக் கேட்டுடி என் மீன்ல கை வச்சே?"

அவளது மீன் தார்ப்பாய்க்குள் பத்திரமாக இருந்தது. கரையின் கடைசியில் அபோண்டியின் மீன் மழையில் ஊறிக்கொண்டிருந்தது. தார்ப்பாயின் ஓரத்தில் அபோண்டி வயிற்றைப் பிடித்தபடி சுருண்டு கிடந்து வாந்தியெடுத்தாள்.

சிலரை ஆண்டவர் ஒரு மழையைக் கொண்டே திருத்திவிடுகிறார்.

"நடிக்கிறா, விடு. தானா எழுந்து வருவா" என்றாள் சத்தம் கேட்டு வந்த மாமியார். அவுவோர் முதுகிலிருந்த பிள்ளையை அவிழ்த்து அவள் கையில் திணித்தாள். "இவனைப் பிடிங்க, ஓச்சோலா அம்மா." பிள்ளையைக் கட்டியிருந்த துணியால் அபோண்டியைப் போர்த்தி, மோட்டார் சைக்கிள்காரனைக் கூவி அழைத்தாள்.

மறுநாள் மருத்துவமனையில் டாக்டரம்மா சொன்னார்: "கட்டியோட சேர்ந்து சினைப்பையும் முறுக்கிக்கிச்சு. ரத்த ஓட்டம் நின்னு கருகிப்போனதால எடுக்க வேண்டியதாயிடுச்சு. முன்னாடியே வந்திருந்தா கட்டியை மட்டும் எடுத்திருக்கலாம். இன்னொரு பக்கத்துச் சினைப்பை நல்லா இருக்கு, கரு உண்டாக வாய்ப்பிருக்கு. வீட்டுக்காரரும் ஒரு பரிசோதனை பண்ணிக்கட்டும்."

"நானா? எனக்கென்ன கேடு?" என்று சீறினான் ஓச்சோலா.

"பாதிப் பொம்பளையை வச்சுக்கிட்டு என் மகன் என்ன பண்ணுவான்?" என்றாள் அவன் தாய்.

கட்டிலில் கிடந்த அபோண்டி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அவுவோர் எழுந்தாள்.

"போதும், ஓச்சோலா அம்மா. கட்டி வந்தது இவ குத்தமில்ல, அது ஒரு நோவு. அதைக் கருகுற வரைக்கும் விட்டது நம்ம வாய். என் வாயும் அதுல உண்டு. ஒரு பொண்ணு வலிக்குதுன்னா சாபம், நடிப்புன்னு பேசாம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வரணும். பிள்ளை இல்லைன்னா ரெண்டு பேரும் சோதிக்கணும். பெத்தாலும் பெறாட்டியும் இவ முழு மனுஷிதான்."

அவுவோர் குனிந்து அபோண்டியின் கையைப் பிடித்தாள்.

"சீக்கிரம் தேறி வா. இனிமே உன் வலை என் வலைக்குப் பக்கத்துலதான்."