வலது பக்கம் மட்டும்

1

இந்தக் கதையை நான் ஒரு மருந்துக்கடையில் திருடினேன். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பிறகு யாரும் கேட்கக் கூடாது.

வீரபாண்டிப் பக்கம், சாயங்காலம் ஆறு மணி. முழங்கால் வலிக்குத் தைலம் வாங்க நின்றேன். எனக்கு முன்னால் நின்றவன் வாயைத் திறக்காமல் செல்போன் திரையைக் கடைக்காரரிடம் நீட்டினான். கடைக்காரருக்கு அந்த நாசூக்கெல்லாம் தெரியாது. "முடி மருந்துங்களா? ரெண்டு பர்சென்ட்டா, அஞ்சு பர்சென்ட்டாங்க?" என்று ரோட்டுக்கே கேட்கிற மாதிரிக் கேட்டார். பின்னால் நின்ற இரண்டு பெண்கள் அவன் தலையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன், பொய் சொல்வானேன்.

வேறொருவனாக இருந்தால் காசைப் போட்டுவிட்டு ஓடியிருப்பான். இவன் பாட்டிலைத் திருப்பி, அடியில் இருந்த எண்ணைக் கண்ணருகே வைத்துப் படித்துவிட்டுச் சொன்னான்: "போன மாசம் குடுத்தது வேற லாட்டுங்க. அதே லாட்ல இல்லீங்களா?"

முடி மருந்துக்கு லாட் நம்பர் கேட்கிற ஆளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் அப்போதே கண்டுபிடித்துவிட்டேன். சாயப்பட்டறைக்காரன்! லாட் மாறினால் நிறம் மாறிவிடும், நிறம் மாறினால் இரண்டு டன் துணி திரும்பி வந்துவிடும் என்று தினம் தினம் பயந்து பழகியவன். தைலத்தை மறந்துவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தேன், எழுதுவதற்கு.

(முழங்கால் இன்னும் வலிக்கிறது.)

2

தொடக்கம் ஒன்று: "சண்முகவேலின் உச்சந்தலையில் மாலை வெயில் பட்டுப் பளபளத்த"

வேண்டாம். வழுக்கையில் வெயிலைப் பளபளக்க விடாத எழுத்தாளன் யார்?

தொடக்கம் இரண்டு: "முடி என்பது மனித அகந்தையின்"

சீ. பன்னிரண்டு மணி நேரம் நீராவியில் நின்றுவிட்டு வருகிறவனிடம் போய் அகந்தை என்று சொன்னால் அடிப்பான். அடிக்கத்தான் வேண்டும்.

தொடக்கம் மூன்று: "மாப்பிள்ளை எங்கீங்க?"

இதுதான். இதைப் பிடித்துக்கொண்டேன். சேவூரில் ஒரு பெண் வீடு. சண்முகவேல் நடுக்கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, காபி குடித்துப் பாதி முடித்துவிட்டான். பெண்ணின் பெரியப்பா உள்ளே வந்தவர் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்து, அவனைத் தாண்டி வாசலைப் பார்த்து, "மாப்பிள்ளை எங்கீங்க, வண்டி நிறுத்தறாருங்களா?" என்று கேட்டார். கையில் வைத்திருந்த போட்டோவில் நெற்றி முழுக்க முடி. நான்கு வருடத்துக்கு முந்தைய போட்டோ.

அவன் அம்மா சாரதாமணி, "இவந்தானுங்க" என்றாள். அதற்குப் பிறகு யாரும் அந்தக் கூடத்தில் முகத்துக்கு நேராகப் பேசவில்லை.

3

சண்முகவேலுக்கு முப்பத்திரண்டு வயது. தறி நெய்த குடும்பம், முருகனைத் தவிர வேறு சாமியை அதிகம் தொந்தரவு செய்யாத குடும்பம். அப்பா இல்லை. இவன் ஒரு சாயப்பட்டறையில் லேப் இன்சார்ஜ். வாங்குகிற கம்பெனிக்காரன் அனுப்புகிற துண்டுத் துணியின் நிறத்தை அப்படியே கொண்டுவருவதுதான் வேலை. ஆறு வருடமாக இவன் கொடுத்த நிறம் ஒன்றுகூடத் தப்பியதில்லை.

மருந்தை வாங்கிவிட்டான். காலையில் ஒரு மில்லி, ராத்திரி ஒரு மில்லி, உச்சியில் தடவ வேண்டும் என்று டாக்டர் சீட்டில் எழுதியிருந்தது. எந்த மனிதனும் அப்படியே தடவியிருப்பான்.

இவன் செய்யவில்லை. இங்கேதான் எனக்கு எழுத எழுத உற்சாகம் தாங்கவில்லை! லேபில் இருக்கிறவன் புது கெமிக்கலை முழு லாட்டில் கொட்டவே மாட்டான். சாம்பிளில் போடுவான். பக்கத்திலேயே போடாத துண்டு ஒன்றை வைத்துக்கொள்வான். இல்லாவிட்டால் நிறம் எதனால் வந்தது என்று யாருக்குத் தெரியும்? ஆகவே சண்முகவேல் மூக்கு நுனியிலிருந்து பிடரி வரை ஒரு நூலைப் பிடித்து, தன் உச்சந்தலையை இரண்டாகப் பிரித்தான். வலது பக்கம் மட்டும் மருந்து. இடது பக்கம் சும்மா. பாதித் தலைக்கு அரை மில்லி போதும். பாட்டிலோடு வந்த டிராப்பரை நம்பாமல் லேப் பிப்பெட்டில் அளந்தான்.

[இங்கே எனக்கே சந்தேகம் வந்தது. பெண் பார்க்க அலைகிற ஒருவன் பாதித் தலைக்கு மட்டும் மருந்து போடுவானா? இது கதைக்காக நான் செய்கிற அட்டகாசமா? இரண்டு நாள் எழுதாமல் வைத்திருந்தேன். பிறகு, இருபது வருடமாக ஒரே மாதிரி வேலை செய்து உடம்பே அந்த மாதிரி ஆகிப்போன ஆட்களை நினைத்துப் பார்த்தேன். மூட்டை தூக்கினவர் பேரனைத் தூக்கும்போதும் தோளில்தான் போடுவார். செய்வான். நிச்சயம் செய்வான்.]

4

பாட்டில் வீட்டில் இல்லை. அம்மாவுக்குத் தெரியக் கூடாதென்று லேப் அலமாரியில் சாயப் பொடி டப்பாக்களுக்குப் பின்னால் இருந்தது. தெரிந்த ஒரே ஆள் பாய்லர் ஆபரேட்டர் ராக்கையா. விளாத்திகுளத்துக்காரர், ஐம்பது வயது, தலையில் காதோரம் மட்டும் முடி.

மூன்றாவது வாரம் வலது பக்கம் கொட்ட ஆரம்பித்தது. சும்மா விட்ட இடது பக்கம் அப்படியே இருக்க, மருந்து போட்ட பக்கம் சீப்பில் கொத்தாக வந்தது.

"இருந்ததையும் காலி பண்ணிட்டீரே தம்பி," என்றார் ராக்கையா. "இது என்ன மருந்தா, இல்ல பிளீச்சிங்கா? இன்னும் ரெண்டு வாரம் போட்டா நம்ம சங்கத்துல சேந்துக்கிடலாம். சந்தா கெடையாது."

"மொதல்ல கொட்டும்னு டாக்டர் சொன்னாருங்கண்ணா."

"சொல்வாரு. அவருக்கு முடி இருக்கா?"

"இருக்குதுங்க."

"அதான் சொல்லுதாரு."

என் முதல் பிரதியில் சண்முகவேல் இந்த இடத்தில் பாட்டிலைச் சாக்கடையில் ஊற்றிவிடுகிறான். கதையும் அங்கேயே செத்துவிட்டது. கிழித்துப் போட்டேன். ஏனென்றால் அவனுக்குத் தெரியும்: சாயம் போட்ட துணியைச் சோப்பில் முதல் தடவை அலசும்போது, பிடிக்காமல் மேலே ஒட்டியிருந்த சாயமெல்லாம் தண்ணீரோடு போகும். பார்க்கிறவனுக்குப் பகீரென்றிருக்கும். பிடித்தது உள்ளே இருக்கும். அவன் காத்திருந்தான். முடிக்கும் துணிக்கும் சம்பந்தமே இல்லை என்று ஒரு டாக்டர் சொல்லலாம். சொல்லட்டும். காத்திருக்க ஒரு காரணம் வேண்டியிருந்தது, அவனுக்குக் கிடைத்தது.

5

நான்காவது மாதக் கடைசி. லேபில் லைட் பாக்ஸ் என்று ஒன்று உண்டு. ஓர் ஆளின் தலை நுழைகிற அளவுச் சாம்பல் நிறப் பெட்டி. உள்ளே பகல் வெளிச்சம், கடை வெளிச்சம் என்று விளக்கை மாற்றி மாற்றித் துணியின் நிறத்தைப் பார்ப்பார்கள்.

சண்முகவேல் கதவைத் தாழிட்டுவிட்டு, தன் தலையை அதற்குள் விட்டான்.

"பகல் லைட்டப் போடுங்கண்ணா. போட்டோ எடுங்க. அந்த லென்ஸ வெச்சு எண்ணுங்க." துணியில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை கண்ணி என்று எண்ணுகிற மடக்கு லென்ஸ் அது.

ராக்கையா குனிந்தார். லென்ஸை இடமும் வலமும் மாற்றி மாற்றி வைத்தார்.

"அண்ணா?"

"சும்மா கெடயும். எண்ணிக்கிட்டிருக்கேன்... ஏ, எப்பா!"

"எத்தனைங்க?"

"எடது பக்கம் முப்பது. வலது பக்கம் அம்பத்தெட்டு! குட்டி குட்டியா, கம்பங்கொல்லை மொளைச்ச மாதிரி நிக்கி! ஏ தம்பி, நடுவுல கோடு போட்ட மாதிரி இருக்குவே!"

சண்முகவேல் தலையைப் பெட்டிக்குள் வைத்தபடியே சிரித்தான். சிரிப்பு உள்ளே மோதித் திரும்பி அவன் காதிலேயே கேட்டது. அந்தச் சிரிப்பை எழுத நான் மூன்று தடவை முயன்றேன், வரவில்லை. உங்களுக்குப் பிடித்த சிரிப்பை அங்கே போட்டுக்கொள்ளுங்கள். ராக்கையாவோ பாட்டிலைக் கையில் எடுத்து, "இந்த வயசுக்கு மேல எனக்கு மொளைக்குமாடே?" என்று கேட்டுவிட்டுத் தானே வெட்கப்பட்டு வெளியே போய்விட்டார்.

6

அந்தச் சனிக்கிழமை சாரதாமணி மகன் தலையில் எண்ணெய் வைத்தாள். சேவூருக்குப் போய்வந்ததிலிருந்து அவன் தலையைக் காட்டவே இல்லை. இன்றைக்குச் சந்தோஷத்தில் மறந்துபோய் உட்கார்ந்துவிட்டான்.

வலது பக்கத்தைத் தொட்டதுமே கை நின்றது.

"கண்ணு."

"என்னம்மா."

"என்ற சாமி! மொளைக்குதுடா!" எண்ணெய்க் கையோடு பூஜை அறைக்கு ஓடினாள். திரும்பி வரும்போது அழுதுகொண்டிருந்தாள். "சேவூர்ல இருந்து வந்த அன்னிக்கே வேண்டிக்கிட்டேன். என்ற பையனுக்கு முடி மொளைச்சா, அந்த முடியவே பழனிக்கு வந்து உனக்குக் குடுத்தர்றேன்னு. குடுத்துட்டானல்லோ!"

சண்முகவேல் உச்சியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். நான்கு மாதம். அரை அரை மில்லியாக. முளைத்ததை எடுத்துக் கொடுப்பதற்காகவா?

"இன்னுங் கொஞ்ச நாள் போகட்டும்மா."

"வேண்டுதல நிறுத்தி வெச்சுட்டு நல்ல காரியம் பேசப்படாது. வாற ஞாயித்துக்கெழமை கிருத்திகா ஊட்டுக்குப் போறமில்ல. வியாழக்கெழமை பழனி போயி முடிச்சரோணும்."

கிருத்திகா நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர். ஜாதகம் பொருந்தி, போன் நம்பர் கைமாறி, இரண்டு வாரமாக மெசேஜில் பேசுகிறார்கள். அவளுக்குத் தினமும் பேச விஷயம் இருக்கிறது: லேட்டான ஷிப்மெண்ட், மேனேஜரின் இருமல், கேண்டீன் சாம்பார். அவனுக்கு அவளைப் பிடித்துவிட்டது. பிரச்சினை அதுதான். "இப்ப எடுத்த போட்டோ ஒண்ணு அனுப்புங்க" என்று மூன்று தடவை கேட்டுவிட்டாள். மூன்று தடவையும் வேறு பேச்சுக்கு மாற்றிவிட்டான். அவளிடம் இருப்பது அதே பழைய போட்டோ.

அம்மாவிடம் அவன் சொல்லாத ஒன்று உண்டு. அவள் வேண்டுதல் தலை முழுவதற்கும். மருந்து வலது பக்கத்துக்கு மட்டும். இடது பக்கத்தில் இருந்தது வெறும் வேண்டுதல், அங்கே முப்பது. இந்த ரிசல்ட்டை எந்த மகன் எந்தத் தாயிடம் வாசித்துக் காட்டுவான்?

7

இப்போது நான் மாட்டிக்கொண்டேன்.

லேபில் ஒரு நிறத்துக்கு மூன்று துண்டு போட்டு ஏ, பி, சி என்று ஒட்டி அனுப்புவார்கள். நானும் அப்படியே.

முடிவு ஏ: மொட்டை போடுகிறான். யோசித்துப் பாருங்கள், வழுக்கையை மறைக்க மொட்டையைவிட நல்ல இடம் உலகத்தில் கிடையாது! வலதும் இடதும் சமம். ஞாயிற்றுக்கிழமை சந்தனம் பூசிய தலையோடு போகிறான். "பழனி போயிட்டு வந்தீங்களா" என்று பெண்ணின் அப்பா எழுந்து நிற்கிறார். கல்யாணம் முடிந்து மூன்றாம் மாதம் கிருத்திகா தலையணையில் திரும்பிப் படுத்து அவன் உச்சியைப் பார்க்கிறாள். ஒரு

(இதை முடிக்க மனசு வரவில்லை.)

முடிவு பி: பழனி போகவில்லை. அம்மா மூன்று நாள் சாப்பிடவில்லை. (அந்த அம்மாவை எனக்குத் தெரியும். நிஜமாகவே சாப்பிட மாட்டாள். வேண்டாம்.)

முடிவு சி, அவனே கொண்டுவந்தது. நான் தடுக்கவில்லை.

8

வியாழக்கிழமை பழனி. முடி எடுக்கிற மண்டபத்தில் கூட்டம். ஈரத் தலையோடு பலகையில் உட்கார்ந்தான். நாவிதர் விரல்களால் தலையைத் தடவிப் பார்த்து நிறுத்தினார்.

"ஏனுங் சாமி, இந்தப் பக்கம் புதுசா மொளைக்குது, அந்தப் பக்கம் ஒண்ணையுங் காணோம்?"

"முருகன் குடுத்ததுங்க," என்றாள் சாரதாமணி.

"ஒரு பக்கம் மட்டுங்களா?"

சாரதாமணி சுற்றி வந்து, முதல் தடவையாக மகன் தலையின் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பார்த்தாள்.

"மருந்து போட்டேம்மா," என்றான் அவன். "வலது பக்கம் மட்டும். இடது பக்கத்த உன்ற சாமிக்கு விட்டுட்டேன்."

நாவிதர் கத்தியைத் தாழ்த்திக்கொண்டார். நான் இந்த இடத்தில் அவள் அழுவாள் என்றுதான் எழுதி வைத்திருந்தேன். அவள் அழவில்லை.

"மருந்துக் கடைய உனக்குக் காட்டுனது ஆருடா? ரெண்டு பக்கமும் போட்டிருந்தா ரெண்டு பக்கமுமல்லோ குடுத்திருப்பான். நீ பாதி நம்புன, அவன் பாதி குடுத்தான். கணக்குச் சரியாத்தான் இருக்குது. குனி."

சண்முகவேலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான்கு மாத டிரயலை ஒரே வரியில் கவிழ்த்துவிட்டாள். சிரித்துக்கொண்டே, ஈரக் கையை வேட்டியில் துடைத்து, போனை எடுத்தான்.

"ஒரு நிமிசமுங்க."

லைட் பாக்ஸுக்குள் எடுத்த போட்டோவைத் தேடினான். பகல் வெளிச்சத்தில் உச்சந்தலை, நடுவில் கோடு, ஒளித்துவைக்க ஒன்றுமில்லை. கிருத்திகாவுக்கு அனுப்பினான். கீழே எழுதினான்: "வலது பக்கம் மருந்து போட்டது. இடது பக்கம் போடாதது. ரெண்டும் நாந்தாங்க. இன்னும் அஞ்சு நிமிசத்துல ரெண்டும் இருக்காது. அதுக்குள்ள பாத்துருங்க."

போய்ச் சேர்ந்தது. பார்த்துவிட்டாள். டைப் செய்கிறாள் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது.

அவள் எழுதியது எனக்குத் தெரியும் என்று நினைக்காதீர்கள். நான்கு பதில்கள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் சிரித்தாள், ஒன்றில் கோபப்பட்டாள், ஒன்றில் "அந்த மருந்து பேர் என்னங்க, எங்கண்ணனுக்கு" என்று கேட்டாள், ஒன்றில் நம்பரையே பிளாக் செய்தாள். நான்கும் அவளுக்குப் பொருந்துகின்றன. அவளை எனக்கு மெசேஜில்தான் தெரியும், அவனைப் போலவே.

போன் கையில் அதிர்ந்தது. மொட்டை போட வந்த கூட்டம் பின்னால் நெருக்குகிறது. சாரதாமணி கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறாள். அவன் இன்னும் திரையைப் பார்க்கவில்லை. குனிவதா, முதலில் படிப்பதா என்று உங்களைத்தான் பார்க்கிறான். நாவிதர் கத்தியில் புது பிளேடை மாட்டிவிட்டுக் கேட்கிறார், அவருக்குப் பதில் சொல்ல வேண்டியது இப்போது நீங்கள்:

"எடுக்கலாங்களா சாமி?"